அமெரிக்க டாலர் நோட்டில் இருக்கும் முகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருஷமாக நோட்டு சேர்க்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டும்போது மற்ற நாட்டுப் பக்கங்களை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். டாலர் பக்கம் வந்ததும் நின்று கேள்வி கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் அதேதான். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. அதனால் மேலிருந்து வரிசையாகப் படித்தால் நன்றாகப் புரியும்.

எந்த நோட்டுல யாரு? முதல்ல அதைச் சொல்லுங்க.

இன்று அச்சாகும் நோட்டுகள் ஏழு. 1 டாலரில் ஜார்ஜ் வாஷிங்டன், 2-ல் தாமஸ் ஜெஃபர்சன், 5-ல் ஆபிரகாம் லிங்கன், 10-ல் அலெக்சாண்டர் ஹாமில்டன், 20-ல் ஆண்ட்ரூ ஜாக்சன், 50-ல் யுலிசிஸ் கிராண்ட், 100-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பெயர் மறந்துபோனால் படத்துக்குக் கீழே பாருங்கள், அச்சிட்டிருக்கும். படத்தில் இருப்பவரின் பெயரைக் கீழே போட வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது.

எல்லாருமே அதிபர்கள்தானே?

இல்லை, ஐந்து பேர்தான் அதிபர்கள். ஹாமில்டன் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர். 1789-ல் பதவி ஏற்று, கடனில் மூழ்கிக் கிடந்த புது நாட்டுக்குக் கருவூலம், வங்கி, வரி எல்லாவற்றையும் கட்டி எழுப்பியவர். ஃபிராங்க்ளின் அச்சகக்காரர், விஞ்ஞானி, பிரான்சுக்குப் போன தூதர். அவரும் அதிபராக இருந்ததில்லை.

ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். ஏழு நோட்டையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நமக்கு இடப்பக்கமாக முகத்தைத் திருப்பியிருப்பவர் ஹாமில்டன் ஒருவர்தான்.

நோட்டுல எதுக்கு ஆள் முகம்? பூ, பறவைன்னு ஏதாவது போட்டா ஆகாதா?

போட்டிருக்கிறார்கள், அதைப் பின்னால் சொல்கிறேன். முகத்துக்குத் தனி மவுசு வந்ததற்குக் காரணம் கள்ளநோட்டு. ஒரு மரத்தின் இலை கொஞ்சம் மாறினால் நமக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் முகத்தில் கண்ணோ உதடோ இம்மி நகர்ந்தாலும் "என்னவோ சரியில்லையே" என்று தோன்றிவிடும். மனிதனுக்குப் பிறவியிலேயே முகம் பார்க்கும் கண் இருக்கிறது. நோட்டு அச்சிட்டவர்கள் அதைத்தான் காவலுக்கு வைத்தார்கள்.

அந்த முகங்கள் வரைந்தவை அல்ல, செதுக்கியவை. செதுக்குக் கலைஞர் லென்ஸ் வைத்துக்கொண்டு, கூர்மையான உளியால், எஃகுத் தகட்டில் கோடு கோடாக, இடவலம் மாற்றிச் செதுக்குவார். அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பிப் பெரும் அழுத்தத்தில் தாளை அழுத்தும்போது மை தாளின் மேல் புடைத்து நிற்கும். 100 டாலரில் ஃபிராங்க்ளினின் தோள்பட்டை மேல் விரலை ஓட்டினால் சொரசொரப்பு தட்டுவது இதனால்தான். அச்சுக்கலையில் நான் பார்த்தவற்றில் இவ்வளவு பொறுமை கேட்கும் வேலை வேறில்லை. ஒரு கன்னத்தின் நிழலுக்காக ஒரு மனிதர் வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

நாடு பிறந்ததிலிருந்தே நோட்டில் வாஷிங்டன்தான் இருக்கிறாரா?

கிடையாது. 1775-ல் விடுதலைப் போருக்காக அடித்த காண்டினென்டல் நோட்டில் ஒரு தலைவர் முகமும் இல்லை. சின்னங்கள்தான். 6 டாலர் நோட்டில் பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கு ஒன்று மரத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும், விடாமுயற்சி என்று பொருள். 1776-ல் வந்த ஒரு டாலருக்கும் குறைந்த நோட்டுகளில் ஒரு சூரியக் கடிகாரம், கீழே "உன் வேலையைப் பார்" என்ற வாசகம். பின்பக்கம் பதின்மூன்று குடியேற்றங்களைக் குறிக்கும் பதின்மூன்று வளையங்களின் சங்கிலி. இந்தச் சின்னங்களில் ஃபிராங்க்ளினின் கை பெரியது.

அதற்கும் முன்பே அவர் பென்சில்வேனியாவுக்கு நோட்டு அச்சிட்டவர். உண்மையான மர இலையை அச்சில் எடுத்து அதன் நரம்புகளை நோட்டில் பதித்தார். இலை நரம்பின் பருமன் இடத்துக்கு இடம் மாறும். அதை எந்தச் செதுக்குக்காரனாலும் அப்படியே நகல் எடுக்க முடியவில்லை. முந்தின பதிலில் முகம்தான் காவல் என்றேன். அதற்கு முந்தைய காவல் இந்த இலை. அந்தக் காலத்து நோட்டில் "கள்ளநோட்டுக்கு மரண தண்டனை" என்றும் அச்சடித்திருப்பார்கள். இலை நோட்டு அடித்தவரே இன்று 100 டாலரில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

விடுதலைக்குப் பிறகு 1861 வரை தாள் பணத்தைப் பெரும்பாலும் தனியார் வங்கிகளும் மாநிலத்தின் அனுமதி பெற்ற வங்கிகளும்தான் வெளியிட்டன. ஆயிரக்கணக்கான வகை. ரயில், கப்பல், பால் கறக்கும் பெண், கிரேக்க தேவதை, கிறிஸ்துமஸ் தாத்தா கூட உண்டு. வாஷிங்டனும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தார், அவ்வளவுதான்.

அப்புறம் அரசாங்க நோட்டு எப்போ வந்தது?

உள்நாட்டுப் போரின்போது. 1861-ல் லிங்கன் அரசு படைக்குச் சம்பளம் கொடுக்கத் தங்கம், வெள்ளி போதாமல் 5, 10, 20 டாலர் நோட்டுகளை வெளியிட்டது. பின்பக்கம் பச்சை மை. அந்தக் காலத்துப் புகைப்படக் கருவி எல்லாவற்றையும் கறுப்பாகத்தான் எடுக்கும், அதனால் நகல் எடுப்பவனைத் தடுக்க இந்தப் பச்சை உதவியது. "பச்சை முதுகு" என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அடுத்த வருஷம் கருவூலக் கட்டடத்தின் அடித்தளத்தில் சில ஆண்களும் பெண்களும் தாள்களைப் பிரித்து முத்திரை வைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய அரசு நோட்டு அச்சகத்தின் தொடக்கம்.

1861-ன் 10 டாலரில் இருந்தவர் லிங்கனேதான், அதிபராகப் பதவியில் இருக்கும்போதே. 1862-ல் வந்த 1 டாலரில் வாஷிங்டன் இல்லை. அப்போதைய நிதியமைச்சர் சால்மன் சேஸ் தன் படத்தையே போட்டுக்கொண்டார். அதிபர் ஆகும் ஆசை உள்ளவர். மக்கள் கையில் அதிகம் புழங்கும் நோட்டில் தன் முகம் இருந்தால் நல்லது என்று கணக்குப் போட்டார் என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள்.

உயிரோடு இருப்பவர் படத்தைப் போடக்கூடாது என்று சொல்கிறார்களே, அப்படியானால் லிங்கன் எப்படி?

அந்தத் தடை 1866-ல் வந்தது. லிங்கன், சேஸ் படங்கள் அதற்கு முந்தியவை. தடைக்குக் காரணமானது ஐந்து சென்ட் தாள்.

போர்க் காலத்தில் மக்கள் நாணயங்களைப் பதுக்கிவிட்டதால் சில்லறைக்கும் தாள்தான் அச்சிட்டார்கள். அந்த 5 சென்ட் தாளில் அச்சுப் பணியின் பொறுப்பாளரான ஸ்பென்சர் கிளார்க்கின் தாடி வைத்த முகம் வந்துவிட்டது. "கிளார்க்" படத்தைப் போடச் சொல்லி உத்தரவு வந்ததாகவும், நாட்டின் மேற்குப் பகுதியை ஆராய லூயிஸ் என்பவருடன் பயணம் போன வில்லியம் கிளார்க்கைத்தான் மேலிடம் நினைத்ததாகவும், இவர் அதைத் தனக்கு எடுத்துக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, தாள் நிஜம். பென்சில்வேனியா உறுப்பினர் மார்ட்டின் ரசல் தேயர் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தில் கொதித்தார். 1866 ஏப்ரல் 7 அன்று சட்டம் வந்தது. இறந்தவர் படம் மட்டுமே நோட்டில் வரலாம் என்ற விதி இன்றும் இருக்கிறது. நாணயத்தில் அப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1926-ன் அரை டாலர் நினைவு நாணயத்தில் உயிரோடிருந்த அதிபர் கூலிட்ஜ் வாஷிங்டனோடு சேர்ந்து இருக்கிறார்.

எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கும். ஆட்சியில் இருப்பவர் தன் முகத்தைத் தானே அச்சடித்துக்கொள்ள முடியாது என்பது ஒரு குடியரசுக்கு முக்கியமான விஷயம்.

ஒரு டாலரில் இருக்கும் வாஷிங்டன் படம் யார் வரைந்தது? ஏன் வாய் உப்பியிருக்கிறது?

கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-ல் வரைந்த ஓவியம் அது. வாஷிங்டனுக்கு அப்போது பொய்ப்பல். பல் செட் உதட்டை முன்னால் தள்ளியதால் வாய் அப்படித் தெரிகிறது. மரப்பல் என்பது கட்டுக்கதை, தந்தத்திலும் மனிதப் பல்லிலும் செய்தவை அவை. ஸ்டூவர்ட் அந்த ஓவியத்தை முடிக்கவே இல்லை. முகம் மட்டும் முழுசாக இருக்கும், கீழே திரைச்சீலை வெறுமையாகவே கிடக்கும். முடிக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து நகல் நகலாக வரைந்து விற்றார். அந்த நகல்களைத் தன்னுடைய "நூறு டாலர் நோட்டுகள்" என்றே அவர் சொல்வாராம்.

1 டாலருக்கு வாஷிங்டன் முதலில் வந்தது 1869-ல். இன்று நாம் பார்க்கும் செதுக்கு ஜி.எஃப்.சி. ஸ்மில்லி என்பவர் 1918 வாக்கில் செய்தது. அதைப் பத்து மடங்கு லென்சில் பாருங்கள். கன்னத்தில் கோடு தேய்ந்து புள்ளியாகிறது, புள்ளி தேய்ந்து வெறும் தாள் ஆகிறது, அங்கேதான் வெளிச்சம் விழுகிறது. கண்ணுக்குக் கீழே கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டுகின்றன. மேலங்கியின் கறுப்பில் கோடுகள் நெருக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஓவியம் கீழே வெறுமையாக விட்டுவிட்டதே, அந்த உடையைச் செதுக்குக்காரர்தான் நிறைவு செய்திருக்கிறார்.

மற்ற முகங்களின் மூலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 5 டாலர் லிங்கன், 1864 பிப்ரவரி 9 அன்று மேத்யூ பிரேடியின் ஸ்டூடியோவில் எடுத்த புகைப்படத்திலிருந்து. ஹாமில்டன், ஜான் ட்ரம்புல் வரைந்தது. ஃபிராங்க்ளின், பிரெஞ்சு ஓவியர் டுப்ளெசி வரைந்தது.

ஒரு பெண்கூட இல்லையே, எப்பவும் இப்படித்தானா?

கற்பனைப் பெண்கள் ஏராளம். சுதந்திர தேவி, நீதி தேவி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நோட்டெல்லாம் நிறைந்திருக்கும். நிஜப் பெண் என்று தேடினால் விரல் விட்டு எண்ணலாம். 1863-ல் தொடங்கிய தேசிய வங்கி 20 டாலர் நோட்டின் பின்பக்கம் போகாஹோண்டஸ் என்ற பூர்வகுடிப் பெண் ஞானஸ்நானம் பெறும் காட்சி இருந்தது. அது அவருடைய உருவப்படம் அல்ல, கூட்டமாக இருக்கும் ஒரு ஓவியம். 1886-லும் 1891-லும் வந்த 1 டாலர் வெள்ளிச் சான்று நோட்டில் (கொடுத்தால் ஈடாக வெள்ளி தருவதாக அரசு உறுதி சொன்ன நோட்டு) வாஷிங்டனின் மனைவி மார்த்தா இருந்தார். கூட்டரசு நோட்டின் முன்பக்கத்தில் தனி உருவப்படமாக வந்த நிஜப் பெண் அவர் ஒருவர்தான்.

பிரிந்துபோன தென் மாநிலங்களும் ஒரு பெண்ணைப் போட்டன. தென் கரோலினா கவர்னரின் மனைவி லூசி பிக்கென்ஸ், அவர்களுடைய 100 டாலர் நோட்டில் இருந்தார், உயிரோடு இருந்தபோதே. தோற்றபிறகு அந்த நோட்டுக்கு மதிப்பு போய்விட்டது.

பூர்வகுடி மக்கள்?

தனி உருவப்படமாக ஒரே ஒருவர். 1899-ன் 5 டாலர் வெள்ளிச் சான்று நோட்டில் லகோட்டா மக்களின் ஹங்க்பாப்பா பிரிவைச் சேர்ந்த ரன்னிங் ஆன்டிலோப். அழகான செதுக்கு, சேகரிப்பவர்கள் "சீஃப் நோட்டு" என்று தேடி வாங்குவார்கள். இதையும் ஸ்மில்லிதான் செதுக்கினார்.

அந்தப் படத்தில் ஒரு காயம் இருக்கிறது. அவருடைய சொந்தத் தலையணியின் இறகுகள் உயரமாக நின்றதால் படச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை என்று, பானி மக்களின் இறகுக் கிரீடத்தை அவர் தலையில் வைத்துச் செதுக்கிவிட்டார்கள். பானி மக்களும் லகோட்டா மக்களும் காலங்காலமாகப் பகையாளிகள். வாஷிங்டன் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒரு மக்களின் தலைவரை நோட்டில் வைத்து மதித்தவர்கள், அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இந்த நோட்டைக் காட்டும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

உங்க கண்ணுக்கு ரொம்ப அழகான அமெரிக்க நோட்டு எது?

1896-ல் வந்த மூன்று வெள்ளிச் சான்று நோட்டுகள். "கல்வித் தொடர்" என்பார்கள். அரசு நிஜமான ஓவியர்களைக் கூப்பிட்டு வரையச் சொன்னது. 1 டாலரை வரைந்தவர் வில் லோ. வரலாறு என்ற பெண் ஒரு சிறுவனுக்குப் பாடம் சொல்கிறாள். அவள் கை காட்டும் திசையில் வாஷிங்டன் நகரம், பக்கத்தில் திறந்த புத்தகமாக அரசியல் சட்டம். ஓரத்தில் இலை வளையங்களுக்குள் அமெரிக்காவின் பெரியவர்கள் பெயர்கள். பின்பக்கம் மார்த்தாவும் ஜார்ஜும் ஜோடியாக. 2 டாலரில் அறிவியல், நீராவி மின்சாரம் என்ற இரண்டு குழந்தைகளை வணிகத்திடமும் தொழிலிடமும் அறிமுகப்படுத்துகிறாள். 5 டாலரில் மின்சாரம் உலகை ஆள்கிறது. அதில் பெண்ணுருவங்கள் மார்பு மறைக்காமல் இருந்ததால் எதிர்ப்புக் கிளம்பியது. நெருக்கமான வேலைப்பாட்டில் எண்கள் சட்டென்று தெரியவில்லை என்ற குறையும் சேர்ந்துகொள்ள, மூன்றே வருஷத்தில் வேறு நோட்டுகள் வந்துவிட்டன.

இரண்டாவது இடம் 1901-ன் 10 டாலருக்கு. நடுவில் ஒரு காட்டெருமை, இரு பக்கமும் லூயிசும் கிளார்க்கும். இது மேலே சொன்ன வில்லியம் கிளார்க்தான், தாளில் வந்துவிட்டார். பொழுதுபோக்குக்கு ஒன்று: 1869-ன் 10 டாலரில் கீழே நடுவில் ஒரு குட்டிக் கழுகு இருக்கும். நோட்டைத் தலைகீழாகப் பிடித்தால் அது கழுதைத் தலை. அந்த நோட்டுக்கே "கழுதை நோட்டு" என்று பெயராகிவிட்டது.

இவ்வளவு விதம் இருந்தது எப்படி ஏழு முகமாகச் சுருங்கியது?

பழைய நாட்களில் ஒரே மதிப்புக்குப் பல வகை நோட்டு ஒன்றாகப் புழங்கும். 1920-ல் ஒருவர் சட்டைப்பையில் மூன்று 10 டாலர் இருந்தால் ஒன்றில் காட்டெருமை, ஒன்றில் ஜாக்சன், இன்னொன்றில் நாட்டின் முதல் கருவூலர் மைக்கேல் ஹிலேகஸ் இருக்கக்கூடும். எது நல்ல நோட்டு என்று கடைக்காரர் எப்படிச் சொல்வார்? கள்ளநோட்டுக்காரனுக்கு அது கொண்டாட்டம்.

1920-களில் நிதியமைச்சராக இருந்த ஆண்ட்ரூ மெலன் காலத்தில் ஒரு குழு இதைச் சீராக்கியது. நோட்டின் அளவைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள், ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே முகம் என்று முடிவு செய்தார்கள். அதிபர்களின் முகம்தான் மக்கள் மனதில் நிலையாகப் பதிந்திருக்கும் என்பது குழுவின் கருத்து. பிறகு ஹாமில்டன், ஃபிராங்க்ளின், சேஸ் மூவரையும் சேர்த்துக்கொண்டார்கள். 1928 தொடர் என்று பெயரிட்ட இந்தச் சின்ன நோட்டுகள் 1929 ஜூலை 10 அன்று புழக்கத்துக்கு வந்தன. அன்று வைத்த முகங்கள்தான் இன்றும் இருக்கின்றன. எந்த முகத்துக்கு ஏன் எந்த மதிப்பு என்று கருவூலத் துறையின் ஆவணங்களில் விளக்கம் கிடையாது. ஆகவே "லிங்கனுக்கு ஏன் வெறும் 5 டாலர்" என்று கேட்டால், அது தரவரிசை இல்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

தாள் பணத்தையே வெறுத்த ஜாக்சன் எப்படி 20 டாலரில்?

சரியான கேள்வி. அவர் தேசிய வங்கியைப் பகையாக நினைத்தார். 1832-ல் அதன் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார். 1836-ல் அரசு நிலம் வாங்கத் தங்கமும் வெள்ளியும்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். விடைபெறும் உரையிலும் தாள் பணத்தைப் பற்றி எச்சரித்தார். அவருக்கு 20 டாலரைக் கொடுத்த காரணம் மேலே சொன்னபடி பதிவாகவில்லை. 1828-ல் தேர்தலில் வென்றவர், 1928-ல் நூற்றாண்டு என்று சிலர் பொருத்திப் பார்ப்பது ஊகம்தான்.

அதைவிடப் பெரிய கேள்வி வேறு. 1830-ல் பூர்வகுடிகளை அகற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர். செரோக்கி உள்ளிட்ட மக்கள் பரம்பரை மண்ணை விட்டு மேற்கே துரத்தப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தவரும்கூட. செரோக்கி குடும்பத்தில் பிறந்த ஒருவர் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவரை எடுத்துட்டு ஹாரியட் டப்மனைப் போடப்போறதா சொன்னாங்களே, என்ன ஆச்சு?

2015-ல் 20 டாலரில் ஒரு பெண் வேண்டும் என்று இணையத்தில் ஒரு இயக்கம் வாக்கெடுப்பு நடத்தியது. வென்றவர் ஹாரியட் டப்மன். நிதியமைச்சர் ஜேக் லூ முதலில் 10 டாலரை மாற்றுவதாகத்தான் அறிவித்தார். அந்தச் சமயம் ஹாமில்டன் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு இசை நாடகம் பிராட்வேயில் பெரும் வெற்றி பெற்றது, அவரை எடுக்கக்கூடாது என்று குரல்கள் எழுந்தன. 2016 ஏப்ரலில் அறிவிப்பு மாறியது: 20 டாலரின் முன்பக்கம் டப்மன், ஜாக்சன் பின்பக்கம். 2019-ல் அடுத்த அரசு அதைத் தள்ளிப்போட்டது. 2021-ல் பைடன் அரசு மறுபடி முடுக்கிவிடுவதாகச் சொன்னது. கையில் புழங்கும் 20 டாலரில் இன்னும் ஜாக்சன்தான்.

டப்மன் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தார். 1849-ல் தப்பி ஓடினார். தான் தப்பியதோடு நிற்காமல் திரும்பத் திரும்பத் தெற்கே போய்ச் சுமார் எழுபது பேரை மீட்டு வந்தார். போரில் வடக்குப் படைக்கு ஒற்றராகவும் செவிலியாகவும் உழைத்தார். அந்த உழைப்புக்கு உரிய ஓய்வூதியத்துக்குப் பல வருஷம் போராட வேண்டியிருந்தது. 1899-ல் கடைசியாக மாதம் 20 டாலர் என்று நிர்ணயித்தார்கள். அதே 20 டாலரில் அவர் முகம் வருவதை நான் ஆசையோடு எதிர்பார்க்கிறேன், முதல் நோட்டு கிடைத்தால் ஆல்பத்தின் முதல் பக்கத்தில்தான் வைப்பேன்.

அப்படின்னா கறுப்பினத்தவர் யாரும் இதுவரை நோட்டில் வந்ததே இல்லையா?

உருவப்படமாக இல்லை. அடிமைகளாக வந்திருக்கிறார்கள். தென் மாநில வங்கிகளின் நோட்டுகளில் பருத்தி சுமப்பவர்களாக, 1862-ன் தென்னக 100 டாலரில் பருத்தி வயலைக் கொத்துகிறவர்களாக. அடிமை உழைப்பே தங்கள் பணத்துக்கு ஈடு என்று அந்த நோட்டுகள் வெளிப்படையாகச் சொல்கின்றன.

ஆனால் கையெழுத்தைப் பாருங்கள். நோட்டில் முன்பு கருவூலப் பதிவாளர் கையெழுத்திடுவார். 1881-ல் அந்தப் பதவிக்கு வந்தவர் பிளாஞ்ச் புரூஸ், வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து மிசிசிப்பியின் செனட்டராக உயர்ந்தவர். அவருக்குப் பிறகு ஜட்சன் லயன்ஸ், வில்லியம் வெர்னன், ஜேம்ஸ் நேப்பியர், பிறகு 1977-ல் கருவூலர் ஆன அசி டெய்லர் மார்ட்டன். இந்த ஐந்து பேரின் பெயரும் நோட்டில் இருக்கிறது. 2022 டிசம்பரில் இன்னொன்று நடந்தது. நிதியமைச்சர் ஜேனட் யெலனும் கருவூலர் லின் மலெர்பாவும் கையெழுத்திட்ட நோட்டு வந்தது. இரண்டு கையெழுத்தும் பெண்களுடையதாக இருந்தது அதுவே முதல்முறை. மலெர்பா மொஹீகன் பூர்வகுடியின் தலைவி. ரன்னிங் ஆன்டிலோப்புக்கு நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, இந்த முறை சொந்தக் கையெழுத்தோடு.

ஒரு டாலர் பின்னாடி இருக்கிற பிரமிடும் கண்ணும் ரகசிய சங்கத்தோட அடையாளம்தானே?

இல்லை. அது அமெரிக்க அரசின் பெரு முத்திரையின் பின்பக்கம், 1782 ஜூன் 20 அன்று ஏற்றுக்கொண்டது. முடிவடையாத பிரமிடு உறுதியையும் நீடிப்பையும் குறிக்கிறது, பதின்மூன்று படிகள் பதின்மூன்று மாநிலங்கள். அடியில் ரோமன் எழுத்தில் இருப்பது 1776. கண், கடவுளின் பார்வை, அந்தக் காலத்துக் கிறிஸ்தவ ஓவியங்களில் சாதாரணமாக வரும் சின்னம். முத்திரைக்கான முதல் குழுவில் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தைச் சேர்ந்தவர் ஃபிராங்க்ளின் ஒருவர்தான். அவர் கொடுத்த யோசனையையோ யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

முத்திரை நோட்டுக்கு வந்தது 1935 தொடரில்தான். மாதிரியில் கழுகு இடப்பக்கமும் பிரமிடு வலப்பக்கமும் இருந்தன. அதிபர் ரூஸ்வெல்ட் மாற்றி வைக்கச் சொல்லிக் கையால் குறித்த மாதிரித் தாள் இன்றும் இருக்கிறது.

மற்ற நோட்டெல்லாம் கலராக மாறிவிட்டதே, 1 டாலர் மட்டும் ஏன் பழையபடி?

கள்ளநோட்டுக்காரனுக்கு 1 டாலரில் லாபமில்லை. அதோடு, 1 டாலரின் வடிவத்தை மாற்ற அரசுப் பணத்தைச் செலவிடக்கூடாது என்று காங்கிரஸ் வருடாந்தர நிதி மசோதாவில் விதி வைத்திருக்கிறது. 2 டாலரும் அதிகம் மாறவில்லை. 1976 ஏப்ரல் 13, ஜெஃபர்சன் பிறந்த நாளில், பின்பக்கம் சுதந்திரப் பிரகடன ஓவியத்தோடு அது மறுபடி வந்தது. அதை வரைந்ததும் ஹாமில்டனை வரைந்த அதே ட்ரம்புல்தான். நோட்டின் வடிவத்துக்கு அடக்குவதற்காக ஓவியத்தின் ஓரத்தில் நின்ற சிலரை வெட்டிவிட்டார்கள். "2 டாலர் செல்லாது" என்பது வதந்தி, தாராளமாகச் செல்லும்.

10,000 டாலர் நோட்டு, மில்லியன் டாலர் நோட்டு எல்லாம் நிஜமா?

முதலாவது நிஜம். 500-ல் மெக்கின்லி, 1,000-ல் கிளீவ்லண்ட், 5,000-ல் மாடிசன், 10,000-ல் நமக்குத் தெரிந்த சால்மன் சேஸ். 1 டாலரில் தொடங்கியவர் 10,000-ல் வந்து நின்றார். இவற்றைக் கடைசியாக அச்சிட்டது 1945-ல், நிறுத்துவதாக அறிவித்தது 1969-ல். உட்ரோ வில்சன் படம் போட்ட 1,00,000 டாலர் தங்கச் சான்று மத்திய வங்கிகளுக்குள் கைமாற மட்டும் அச்சிட்டது, மக்களிடம் வரவே இல்லை.

மில்லியன் டாலர் என்று அரசு ஒருநாளும் அச்சிட்டதில்லை. விளையாட்டுக் காகிதம். அதைக் காட்டி யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

என்கிட்ட "சின்னத் தலை" 100 டாலர் இருக்கு. மாத்துற கடையில வேண்டாங்கறாங்க. செல்லாதா?

செல்லும். 1861-லிருந்து வந்த அமெரிக்க அரசு நோட்டு எல்லாமே முகமதிப்புக்கு அங்கே செல்லும். 1996 தொடரிலிருந்து ஃபிராங்க்ளின் முகத்தைப் பெரிதாக்கி நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறிப் படத்துக்கு இடம் வேண்டியிருந்தது. நடுவில் மடிப்பு விழுந்து முகம் தேய்வதும் குறைந்தது. முகம் பெரிதானதால் கோடுகளும் கூடின, போலி செய்வது இன்னும் கடினமானது. 2013-ல் நீலப் பட்டையோடு அடுத்த வடிவம் வந்தது. வெளிநாட்டு மாற்றுக் கடைகள் பழையதை மறுப்பதும் குறைத்துக் கொடுப்பதும் கள்ளநோட்டு பயத்தால். அமெரிக்கா போகிற உறவினர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. நோட்டில் இருக்கும் கருவூலத்தின் வட்ட முத்திரையின் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் சாதாரண நோட்டு. நீலம் என்றால் வெள்ளிச் சான்று, சிவப்பு என்றால் அமெரிக்க அரசு நேரடியாக வெளியிட்டது, மஞ்சள் என்றால் தங்கச் சான்று. இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் மாற்றிவிடாமல், மடிக்காமல், நோட்டு சேர்க்கிற ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.